ஒரே கோலம், இரண்டு நெருப்பு

திருகோணமலை அன்புவழிபுரத்தில் நிகழ்த்திய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்



இந்த ஊரிலே சில தம்பிமார் வீட்டு வளவில் உலை மூட்டிக் கத்தி அடித்துப் பழகுகிறார்கள். அலையலையாகக் கோலம் ஓடுகிற ஓர் அலகைக் கொண்டுவந்து என் கையில் தந்து, "சேர், இதுதானே பழைய காலத்து டமாஸ்கஸ்?" என்று கேட்டார்கள். "நல்ல கத்தி. ஆனால் அது வேறு, இது வேறு" என்றேன். அந்த மறுமொழி அவர்களுக்குப் போதவில்லை. மிச்சத்தை இன்றைக்குச் சொல்கிறேன்.

கோலமுள்ள உருக்குக் கத்தி இரண்டு வழியில் பிறக்கும். ஒன்றில் கொல்லனே கோலத்தை அடுக்கி உண்டாக்குகிறான். மற்றதில் கோலம் உருக்குக்குள்ளேயே விளைகிறது. அதைக் கெடுக்காமல் வெளியே கொண்டுவருவதுதான் கொல்லனின் வேலை. முதலாவதற்கு வெண்மஞ்சள் சூடு வேண்டும். இரண்டாவதை அதே சூட்டில் பட்டடையில் வைத்து அடித்தால் பாளம் உதிர்ந்து கொட்டிவிடும். பார்வைக்கு ஒத்திருக்கிற இரண்டு கத்திகளுக்கு நேர் எதிரான இரண்டு நெருப்பு. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

தம்பிமார் செய்வதிலிருந்து தொடங்குவோம். அதை அடுக்குருக்கு என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வகை உருக்குத் தகடுகளை மாறி மாறி வைத்து, சூடாக்கி, அடித்து ஒரே கட்டியாக்குவது. குழல்பிட்டிலே மாவும் தேங்காய்ப்பூவும் மாறி மாறி வருமே, அந்த ஒழுங்குதான். எந்த இரண்டு உருக்கு என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. கடைசியில் அமிலத்தில் வைக்கும்போது ஒன்று கறுக்க வேண்டும், மற்றது வெள்ளையாக நிற்க வேண்டும். வெள்ளையாக நிற்கச் செய்வது நிக்கல். வெளிநாட்டில் கத்தி செய்கிறவர்கள் 1095 என்ற உருக்கையும் 15என்20 என்ற உருக்கையும் சேர்த்து வாங்குவார்கள். முதலாவதில் காபன் 0.95 சதவீதம். இரண்டாவதில் காபன் 0.75 சதவீதம் அளவிலும் நிக்கல் 2 சதவீதம் அளவிலும் இருக்கும். எங்களுக்குப் பழைய இரும்புக் கடைதான் களஞ்சியம். மரக்காலையில் கழித்துப் போடுகிற நாடாவாள் பட்டிகளில் நிக்கல் சேர்ந்தவை உண்டு. தேய்ந்த அரம் கிடைத்தால் விடாதீர்கள். அதில் காபன் 1 சதவீதத்துக்கு மேல். அரைக்கும் கல்லில் பிடித்துப் பாருங்கள். காபன் கூடிய உருக்கு பொறியைக் கிளை கிளையாக வெடித்துப் பூக்கவிடும். மெல்லிரும்பின் பொறி நீளமாக, கிளையில்லாமல் ஓடி அடங்கும்.

எல்லோரும் முதலில் தேடிப் போவது லொறியின் வில்லுத் தகடு. தனியாக ஒரு கத்தி அடிக்க அதைப் போல் நல்ல பொருள் இல்லை. இந்த மாவட்டத்தில் மீன் வெட்டுகிற கத்தியில் பெரும்பகுதி அதில்தான் பிறக்கிறது. அடுக்குக்கு மட்டும் அது சண்டைக்காரன். குரோமியமோ சிலிக்கனோ கலந்த உருக்கு அது. குரோமியத்தின் ஒட்சைட்டு மேற்பரப்பில் படிந்தால் வெண்காரம் அதை லேசில் கரைக்காது. ஒட்டியது போலத் தோன்றும். இரண்டாம் மடிப்பில் வாய் பிளக்கும். இன்னொன்று, நாகம் பூசிய தகட்டை உலைக்குள் வைக்கவே கூடாது. அதிலிருந்து வரும் வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் அன்று இரவே குளிரும் காய்ச்சலும்தான்.

தகடுகளைப் பளபளவென்று உராய்ந்து, ஏழு தகடு அடுக்கி, ஓரங்களை வெல்டிங்கில் பிடித்து, பிடிக்க ஒரு கம்பியும் வைத்துவிட்டீர்கள் என்று வையுங்கள். சிவப்புச் சூட்டில் எடுத்து வெண்காரம் தூவ வேண்டும். அது உருகிக் கண்ணாடி போலப் பரவி இடுக்குகளுக்குள் போய், அங்கேயுள்ள துருவைக் கரைத்து, காற்றை மறைக்கும். பிறகு மறுபடியும் உலைக்குள். 1,200 பாகை செல்சியசைத் தாண்டி, கட்டி வெண்மஞ்சளாகி, மேலே வெண்காரம் கொதித்து ஓடும்வரை பொறுத்திருக்க வேண்டும். வெளித்தகடு சூடேறியதும் எடுத்துவிடுகிற அவசரம்தான் பெரும்பாலான கட்டிகளைக் கெடுக்கிறது; நடுத்தகடு இன்னும் சிவப்பிலேயே இருக்கும். முதல் அடிகள் பலமாக விழக்கூடாது. நடுவிலிருந்து ஓரத்துக்கு மெல்லத் தட்டிக்கொண்டு போனால் உருகிய வெண்காரம் பக்கத்தால் பீறிட்டு வெளியேறும், உலோகத்தோடு உலோகம் சேரும். அந்தப் பீறலுக்கு முன்னால் வெறுங்காலோடும் சாரத்தோடும் நிற்கிறவர்களைக் கண்டிருக்கிறேன். காற்சட்டையும் சப்பாத்தும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு வேலை செய்யுங்கள்.

ஒட்டிய கட்டியை நீட்டி, நடுவில் வெட்டி மடித்தால் ஏழு பதினாலாகும். பிறகு 28, 56, 112, 224. ஐந்து மடிப்பில் 224 அடுக்கு. மூன்று மில்லிமீற்றர் தடிப்புள்ள அலகில் அவ்வளவு அடுக்கு என்றால் ஒவ்வொன்றும் மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்குக்குச் சற்றே கூட. பத்து மடிப்பு மடித்தால் ஏழாயிரத்தைத் தாண்டும். அப்போது கோலமே தெரியாது, வெறும் சாம்பல் நிறம்தான். ஆயிரக்கணக்கான அடுக்கு என்று விளம்பரம் செய்கிறவர் எதை விற்கிறார் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்த இடத்தில் ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. கூடிய காபனும் குறைந்த காபனும் மாறி மாறி இருப்பதால்தான் கோலம் வருகிறது, கூர் நிற்கிறது என்று நினைக்கிறார்கள். அந்தச் சூட்டில் காபன் அணு இரும்பு அணுக்களின் இடைவெளிகளுக்குள்ளே புகுந்து ஓடக்கூடியது. அடுக்குகள் மெல்லியதாக ஆக ஆக, சில நிமிடத்திலேயே காபன் எல்லா அடுக்குக்கும் ஏறக்குறையச் சமமாகப் பரவிவிடும். நிக்கல் அப்படி ஓடாது. அது இரும்பு அணு இருக்கவேண்டிய இடத்திலேயே உட்கார்ந்திருப்பதால் நகர்வதற்கு நெடுநேரம் வேண்டும். ஆகவே நீங்கள் காண்கிற கோலம் நிக்கலின் கோலம். வெட்டுகிறது காபன். இரண்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் ஒரே அலகில் குடியிருக்கின்றன. ஜாவாவின் கிரிஸ் வாள் செய்தவர்களுக்கு நிக்கல் என்ற பெயர் தெரியாது. பிரம்பானன் அருகே விழுந்த விண்கல்லின் இரும்பைச் சேர்த்தால் கோடு வெள்ளையாக நிற்கும் என்பது தெரியும்.

கட்டியை முறுக்கினால் நட்சத்திரக் கோலம். குறுக்கே பள்ளம் வெட்டித் தட்டையாக்கினால் ஏணிக் கோலம். குழி துளைத்துத் தட்டினால் மழைத்துளி. இவையெல்லாம் அடுக்குகளை வேண்டுமென்றே குலைத்து, வெட்டுமுகத்தை மேலே கொண்டுவருகிற உபாயங்கள். பிறகு தோய்ச்சல். காந்தம் ஒட்டாமல் போகிற சூட்டுக்குச் சற்று மேலே, சுமார் 800 பாகையில் எடுத்து, வெதுவெதுப்பான எண்ணெயில் தோய்க்க வேண்டும்; தேங்காயெண்ணெயே போதும். அதோடு விட்டால் கத்தி கண்ணாடி போல உடையும். 200 பாகையில் இரண்டு மணித்தியாலம் வைத்து முறுக்கைத் தணிக்க வேண்டும். கடைசியில் பெரிக் குளோரைட்டுக் கரைசல். இலத்திரனியல் பலகை அரிக்கப் பாவிக்கிறார்களே, அதுதான். அமெரிக்காவில் பில் மொரன் என்ற கத்தி செய்பவர் 1973இல் ஒரு கண்காட்சியில் இப்படிச் செய்த கத்திகளை வைத்தார். இன்று உலகமெங்கும் டமாஸ்கஸ் என்று விற்கிற அடுக்குக் கத்திகளின் மோகம் அதிலிருந்து எழுந்தது. முறை பழையதுதான், ஐரோப்பாவில் வைக்கிங்குகளுக்கு முன்பே அடுக்கி முறுக்கிய வாள்கள் உண்டு. அவையும் அந்தப் பெயருக்குரியவை ஆகா.

சிலுவைப் போர்க்காலத்திலிருந்து ஐரோப்பியர் வியந்து பேசிய வாள் வேறு. அதில் அடுக்கு கிடையாது, ஒட்டு கிடையாது. உருகி உறைந்த ஒரே கட்டியிலிருந்து அடித்தது. அந்தக் கட்டி டமாஸ்கஸ் நகரில் பிறக்கவில்லை. அங்கே சந்தைக்கு வந்தது. பிறந்தது எங்கள் தீவுக்கும் இந்தியாவுக்கும் இடையிலுள்ள கடலின் இரு கரையிலும்.

ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் ஆற்றங்கரையில் கொடுமணல் இருக்கிறது. 1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அங்கே அகழ்ந்தபோது இரும்பு உருக்கிய உலைகளும், உருக்குவதற்கான மண்கலங்களாகிய மூசைகளும் வெளிப்பட்டன. தென்னார்க்காட்டுப் பக்கம் மேல்சிறுவளூரில் மூசை உருக்கு செய்த இடத்தை ஷாரதா ஸ்ரீனிவாசன் என்ற உலோகவியல் ஆய்வாளர் 1990களில் வெளிக்கொண்டு வந்தார். சேலத்தில் 19ஆம் நூற்றாண்டு வரை இந்தத் தொழில் உயிரோடு இருந்தது. பார்த்தவர்கள் எழுதிவைத்த செய்முறை ஏறக்குறைய ஒன்றுதான். தேனிரும்புத் துண்டுகளை மண் மூசைக்குள் போடுவார்கள். கூடவே ஆவாரை மரச் சிம்பு, மேலே எருக்கலை இலை. வாயை மண்ணால் பூசி மூடுவார்கள். பல மூசைகளை உலையில் அடுக்கி, துருத்தி ஊதி, மணிக்கணக்காகச் சூடாக்குவார்கள். மூடிய மூசைக்குள்ளே மரமும் இலையும் கரியாகி, அந்தக் காபனை இரும்பு குடிக்கும். குடிக்கக் குடிக்க அதன் உருகுநிலை இறங்கும். காபனில்லாத இரும்பு உருக 1,500 பாகைக்கு மேல் வேண்டும். ஒன்றரைச் சதவீதம் காபன் ஏறிய பிறகு அதற்குக் குறைந்த சூட்டிலேயே தண்ணீராகிவிடும். பிறகு அவசரமில்லாமல் ஆறவிட்டால் உள்ளங்கையில் அடங்குகிற ஒரு கட்டி.

மெதுவாக ஆறும்போது உருக்குக்குள்ளே மரக்கிளை போன்ற பளிங்குகள் முதலில் உறைகின்றன. கடைசியில் உறைகிற இடுக்குகளில் வேண்டாத தனிமங்கள் ஒதுங்குகின்றன. அந்த ஒதுங்கலில்தான் பின்னால் கோலம் முளைக்கப் போகிறது. ஆனால் அப்போது அது யாருக்கும் தெரியாது.

ஐரோப்பா இதைப் பார்த்து மயங்கிய கதை நீளமானது. பம்பாயிலிருந்து போன மாதிரிகளை வைத்து ஜோர்ஜ் பியர்சன் 1795இல் லண்டன் அரச கழகத்தில் கட்டுரை வாசித்தார். 1819இல் மைக்கேல் பரடே இந்திய உருக்கைப் பகுப்பாய்வு செய்து எழுதினார். மின்சாரத்தில் பெயரெடுப்பதற்கு முன் அவர் கத்தி செய்கிற ஜேம்ஸ் ஸ்டொடார்ட்டோடு சேர்ந்து இதே கட்டியை உடைத்துக்கொண்டிருந்தார் என்பது எங்கள் பாடப்புத்தகங்களில் வராத சங்கதி. இதில் ஒரு வேடிக்கை. பரடேயின் ஆசான் ஹம்ப்ரி டேவி. அவருடைய தம்பி ஜோன் டேவி அதே வருடங்களில் இலங்கையில் இராணுவ வைத்தியர். கண்டி நாட்டின் உள்ளூர்களைச் சுற்றி, இரும்பு உருக்குகிறவர்களைப் பார்த்து, 1821இல் வெளியிட்ட நூலில் அவர்களின் உலையை வர்ணித்திருக்கிறார். அண்ணன் வீட்டு ஆய்வுகூடத்தில் கட்டி உடைபடுகிறது. தம்பி அந்தத் தொழிலின் வாசலிலே நிற்கிறார்.

பரடே தேடிய காரணம் அலுமினியத்திலும் சிலிக்காவிலும் போய் நின்றது. கலப்புருக்கு என்ற துறைக்கே அந்தத் தேடல் ஒரு வித்தாகியது. கோலத்தின் இரகசியம் மட்டும் அகப்படவில்லை. பாரிஸ் நாணயச்சாலையில் பிரெயான் நூற்றுக்கணக்கான பரிசோதனைகள் செய்தார். ரஷ்யாவில் சிலாத்தவுஸ்த் ஊரில் அனோசவ் பல ஆண்டு உழைத்து, கோலமுள்ள உருக்கைச் செய்து 1841இல் நூலே எழுதினார். இங்கிலாந்துக் கொல்லர்களோ, இந்தியக் கட்டியைத் தங்கள் வழக்கப்படி வெண்சூட்டில் எடுத்து அடித்தார்கள். அது தூள் தூளாக உதிர்ந்தது. "மட்டமான பொருள்" என்று சிலர் எழுதியும் வைத்தார்கள். பொருள் மட்டமில்லை, நெருப்புத்தான் மாறிப்போனது. அவ்வளவு காபனுள்ள உருக்கில் பொசுபரசு போன்றவை ஒதுங்கிய இடுக்குகள் முதலில் இளகிவிடும். ஆகவே செம்மஞ்சளைத் தாண்டாமல், 900 பாகை அளவில் பொறுமையாகத் தட்ட வேண்டும். சற்று ஆறினாலும் அசையாது, கூடினாலும் உடையும். அந்தக் குறுகிய இடைவெளிக்குள்ளே சூடாக்கித் தட்டி, சூடாக்கித் தட்டி, பலமுறை செய்கிறபோதுதான் கோலம் விளையும்.

விளைவது எப்படி என்பதை 1990களில் இருவர் சேர்ந்து காட்டினார்கள். ஒருவர் அயோவாவில் உலோகவியல் பேராசிரியர், ஜோன் வெர்ஹோவன். மற்றவர் புளோரிடாவில் குதிரைக்கு லாடம் அடித்துப் பிழைத்த கொல்லர், அல்ஃபிரட் பென்ட்ரே. பேராசிரியருக்கு நுணுக்குக்காட்டி, கொல்லருக்குச் சம்மட்டி. மூசையில் செய்த கட்டிகளில் சில அழகாகக் கோலம் காட்டின, சில காட்டவில்லை. செய்முறை ஒன்றுதான். துருவிப் பார்த்தபோது வேறுபாடு வனேடியத்தில் இருந்தது. இலட்சத்தில் நாலு பங்கு அளவு இருந்தாலே போதும். இடுக்குகளில் ஒதுங்கிய அந்தச் சிறு வனேடியம், ஒவ்வொரு முறை சூடேறி ஆறும்போதும் காபைட்டுத் துணுக்குகளைத் தன்னருகே வளரவிடுகிறது, மற்ற இடத்தில் கரையவிடுகிறது. அடித்துத் தட்டையாக்கும்போது அவை தளம் தளமாக வரிசையாகின்றன. அமிலம் பட்டதும் கறுப்பு நிலத்தில் வெள்ளை வரி. பழைய வாள்களை அறுத்துப் பார்த்தாலும் அதே கதைதான். தாது மாறியதும் கோலம் போய்விட்டிருக்கலாம், செய்முறை தெரிந்தவர்களுக்கும் ஏன் என்று விளங்கியிருக்காது என்று வெர்ஹோவன் கருதினார். எனக்கு அது சரியாகவே படுகிறது. எஞ்சியதை மலிவான சீமை இரும்பு முடித்துவைத்தது.

2006இல் ஜேர்மனியில் ஒரு பழைய வாளில் காபன் நனோக் குழாய் கண்டார்கள் என்று செய்தி வந்தது. உடனே எங்கள் ஆட்கள் சிலர் முன்னோர் நனோ தொழில்நுட்பம் அறிந்திருந்தார்கள் என்று எழுதத் தொடங்கினார்கள். செம்மஞ்சளுக்கும் வெண்மஞ்சளுக்கும் வித்தியாசத்தை இருட்டுக் கம்மாலையில் வெறுங்கண்ணால் பிடித்தார்களே, அதைப் பாராட்ட மனம் வரவில்லை.

இனி எங்கள் பக்கத்துக்கு வருகிறேன். வெர்ஹோவனும் பென்ட்ரேயும் நல்ல கோலம் பெற்ற கட்டிகளில் பாவித்த வார்ப்பிரும்பு கனடாவில் கியூபெக் மாநிலத்துச் சோரெல் என்ற ஊரிலிருந்து வந்தது. இல்மனைற்றிலிருந்து டைட்டேனியத்தைப் பிரிக்கும்போது கிடைக்கிற இரும்பு அது. வனேடியம் அதோடு ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. இல்மனைற் என்றதும் உங்களுக்குப் புல்மோட்டை ஞாபகம் வராமல் இராது. எங்கள் மாவட்டத்தின் வடக்குக் கரையில் கறுப்பாய் மின்னுகிற மணல் அதே கனிமம்தான். கப்பல் கப்பலாக வெளிநாட்டுக்குப் போகிறது. பல்கலைக்கழகத்தில் படிக்கிற பிள்ளைகள் யாராவது ஒரு பிடி மணலை எடுத்து அதன் வனேடியத்தை அளந்து பார்த்தால், அது நல்லதொரு இறுதியாண்டு ஆய்வு.

இலங்கை உருக்கின் பெயர் வெளியே போனது இன்று நேற்றல்ல. 9ஆம் நூற்றாண்டில் பக்தாத்தில் அல்-கிந்தி வாள்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் உருக்கு வகைகளை ஊர்வாரியாகப் பிரிக்கிறார்; சரந்தீபு உருக்கு, அதாவது இலங்கை உருக்கு, அதில் ஒன்று. அவ்வளவு உருக்கு இந்தத் தீவில் எங்கே உருகியது என்று நெடுநாள் யாரும் காட்டவில்லை. பலாங்கொடைக்குத் தெற்கே சமனலவெவ நீர்மின் அணை கட்டப்போகிறார்கள், பள்ளத்தாக்கு மூழ்கப்போகிறது என்றபோது தொல்லியலாளர்கள் அங்கே இறங்கினார்கள். ஜில் ஜூலெஃப் என்ற பிரித்தானிய ஆய்வாளர் மலைச்சரிவுகளில் விசித்திரமான உலைகளைக் கண்டார். எல்லாம் மேற்கு நோக்கியவை. அத்தகைய இடங்கள் மட்டும் 77. காலம் 7ஆம் நூற்றாண்டிலிருந்து 11ஆம் நூற்றாண்டு. அல்-கிந்தி அதன் நடுவில் வருகிறார்.

அந்த உலையில் துருத்தி கிடையாது. முன்னால் நீளமான நேர்ச்சுவர். அதன் அடியில் வரிசையாக மண்குழாய்கள். பின்னால் சரிவுக்குள் புதைந்த பதிவான வளைசுவர். தென்மேல் பருவக்காற்று சரிவேறி வந்து முன்சுவரின் விளிம்பைத் தாண்டிப் பாயும்போது, விளிம்புக்குப் பின்னால், உலையின் வாய்க்கு மேலே, அமுக்கம் குறைகிறது. அந்தக் குறைவு அடிக்குழாய்கள் வழியே காற்றை உள்ளே இழுக்கிறது. காற்று ஊதுகிறது என்பதைவிட இழுக்கிறது என்பதே சரி. இப்படிக் காற்றை நம்பி ஒரு தொழிலே நடக்குமா என்று உலோக வரலாற்றுக்காரர்கள் நம்பவில்லை. ஜூலெஃப் அதே இடத்தில் அதே மண்ணில் ஓர் உலை கட்டி, பருவக்காற்றில் மூட்டிக் காட்டினார். இரும்பு மட்டுமில்லை, காபன் கூடிய உருக்கே நேரடியாக விழுந்தது. 1996 ஜனவரியில் 'நேச்சர்' இதழில் கட்டுரை வந்தது. உலகத்தை நம்பவைத்தது வாதம் இல்லை, மூட்டிய உலை. தம்பிமார் வளவில் செய்கிற வேலையை யாராவது விளையாட்டு என்று சொன்னால் இந்தக் கட்டுரையைக் காட்டுங்கள்.

மூசை உருக்கும் அதே பலாங்கொடைப் பக்கத்தில் இருந்தது. தமிழ்நாட்டு மூசை பையைப் போலக் குறுகியது. இங்கே குழாய் மாதிரி நீண்டது, ஆகவே கட்டியும் சிறு கோலாக விழும். அந்தத் தொழில் அணைகிற கட்டத்தில் அதைப் பார்த்து எழுதியவர் எங்கள் ஆனந்த குமாரசுவாமி. கலை விமர்சகர் என்றே அவரை அறிவோம். சேர் முத்து குமாரசுவாமியின் மகன், லண்டனில் நிலவியல் படித்தவர், 1903இல் இலங்கைக் கனிமவள அளவைத் திணைக்களத்தின் முதல் பணிப்பாளர். கல் பொறுக்கப் போன மனிதர் கம்மாலைகளில் போய் உட்கார்ந்தார். இடைக்காலச் சிங்களக் கலை பற்றி 1908இல் அவர் வெளியிட்ட பெருநூலில் ஓவியத்துக்கும் தந்தவேலைக்கும் பக்கத்தில் இரும்பு உருக்கலும் உருக்குச் செய்தலும் இடம்பெற்றிருக்கின்றன. எனக்கு அந்த நூலில் மிகவும் பிடித்த பகுதி அதுதான். புத்தரின் உருவைப் பேசிய அதே கவனத்தோடு மூசைக்குள் என்ன போடுகிறார்கள் என்று பார்க்கிறார்.

இவ்வளவும் கேட்டபின் ஒரு கேள்வி வரும்: இந்தக் கத்தியைக் கொண்டு திருகோணமலையில் என்ன செய்வது? உண்மையைச் சொல்லவேண்டும். உப்புக்காற்றுக்கு அடுக்குக் கத்தி ஆகாது. அமிலம் கறுப்பு அடுக்கைச் சற்றுத் தாழ அரித்திருக்கும். அந்தப் பள்ளத்தில் மீன்நீரும் உப்பும் தங்கினால் மறுநாள் காலையில் துரு. மீன் சந்தையில் பாரை மீனை ஒரே இழுப்பில் இரண்டாக்குகிறவரிடம் கோலக் கத்தியை நீட்டிப் பாருங்கள். திருப்பித் தந்துவிட்டு வில்லுத் தகட்டுக் கத்தியை எடுப்பார். அவர் எடுப்பது சரி. நல்ல தோய்ச்சல் போட்ட ஒற்றை உருக்குக் கத்தி, கோலமுள்ள மட்டமான கத்தியை எந்த நாளும் வெல்லும். ஆகவே முதலில் கோலமில்லாமல் ஒரு கத்தி அடியுங்கள். அது காய்ந்த கயிற்றை வெட்டட்டும், பித்தளைக் கம்பியில் அழுத்தினால் வாய் மடங்கித் திரும்பி வரட்டும். அதன் பிறகு அடுக்கலாம். வெறும் அழகுக்காக அடுக்கினாலும் குற்றமில்லை. அழகுக்கு என்று சொல்லியே விற்றால் போதும்.

இன்னும் துணிந்தவர்கள் தாதிலிருந்தே தொடங்கலாமா என்று கேட்டார்கள். சேருவிலப் பக்கம் 1971இல் கண்டுபிடித்த மகனற்றைட்டுத் தாதை நினைத்துத்தான் கேட்டார்கள். அதில் ஒரு பொறி இருக்கிறது. அந்தத் தாதோடு செம்பும் கந்தகமும் கலந்து கிடக்கின்றன. கந்தகம் உள்ள இரும்பு சிவப்புச் சூட்டிலேயே வெடிக்கும். செம்பு இன்னும் தந்திரமானது. உலையில் இரும்பு செதிலாகிக் கழிய, செம்பு கழியாமல் செதிலுக்கு அடியில் சேரும். 1,085 பாகையில் உருகி, உருக்கின் மணிகளுக்கு இடையே ஊர்ந்து பிளக்கும். அடுக்கி ஒட்டுகிற சூடு அதற்கு மேலே என்பதை மறக்கவேண்டாம். ஆகவே அந்தத் தாதை எடுப்பதானால் உடைத்து, திறந்த வெளியில் வறுத்துக் கந்தகத்தைப் போக்கி, நுணுக்கி, காந்தத்தால் பிரித்தெடுத்த பிறகே உலைக்குப் போகவேண்டும். வறுக்கும்போது புகை போகிற பக்கம் நிற்காதீர்கள், அது நெஞ்சைப் பிடிக்கும்.

காற்றுலை கட்டிப் பார்க்கவேண்டும் என்பது என் ஆசையும்தான். சமனலவெவ உலைகளை மூட்டிய அதே தென்மேல் காற்று மழையை மலைநாட்டில் இறக்கிவிட்டு, ஆனியிலும் ஆடியிலும் இங்கே வந்து சேர்கிறது. கச்சான் என்று நாங்கள் திட்டுகிறோம். கிணறு வற்றுகிறது, கண் எரிகிறது என்று முறைப்பாடு. மேற்குப் பார்த்த சரிவு ஒன்றில், குடியிருப்பும் காய்ந்த புல்லும் இல்லாத இடமாகப் பார்த்து, இரண்டு பீப்பா தண்ணீரும் வைத்துக்கொண்டு தொடங்கலாம். சுவரெழுப்பும் முன் அந்த இடத்தில் காற்றுமானி ஒன்றை நட்டு ஒரு மாதம் குறித்து வையுங்கள். எங்கள் கரையில் ஒரு சிக்கல் உண்டு. சில நாட்களில் மத்தியானத்துக்குப் பிறகு கடற்காற்று எழுந்து கச்சானை முறித்துவிடும். மேற்குப் பார்த்த உலை அந்நேரம் மூச்சு விடாது. பாதி வெந்த தாது உள்ளே உறைந்து போகும். எந்த நாளில், எந்த நேரத்தில் காற்று திரும்பும் என்பதைக் கரைவலை இழுக்கிறவர்களிடம் கேளுங்கள். அவர்கள் சொல்கிற நேரத்துக்கு முன்னால் உலை முடிகிற மாதிரி, விடியும் முன்பே மூட்ட வேண்டியிருக்கும்.